ஐடிஐயில் கொத்தனார் வேலை படிக்க ஒரு வருடம் எதற்கு?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: பிளஸ் டூ முடித்த தங்கை ஐடிஐயில் மேசன் பிரிவில் சேர ஆசைப்படுகிறாள், வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை, "கொத்தனார் வேலையைக் கட்டடம் நடக்கிற இடத்திலேயே பழகிக்கொள்ளலாமே, அதற்கு ஒரு வருடப் படிப்பா?" என்கிறார்கள்.

நான் அந்தப் படிப்பைப் படித்த பெண். விருதுநகர் பக்கம் ஒரு சின்ன ஊர். என் அம்மா இருபத்திரண்டு வருடம் சித்தாள் வேலை பார்த்தவர். கலவையைப் பார்த்த உடனே தண்ணீர் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். தெருவில் நடந்து போகும்போதே, "அந்தச் சுவர்ல நாலாவது வரி இறங்கிருக்கு பாரு" என்பார். இவ்வளவு தெரிந்தவர் கையில் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட யாரும் கொத்துக்கரண்டியைக் கொடுத்ததில்லை. அவரோடு கையாளாக வந்த பையன்கள் இரண்டு மூன்று வருடத்தில் கொத்தனார் ஆகிப் போனார்கள். முதலில் பின்பக்கச் சுவரில் சந்து அடைக்கச் சொல்வார்கள், அப்புறம் பூச்சு, அப்புறம் கட்டுமானம். அம்மாவுக்கு கலவைச் சட்டிதான் கடைசிவரை. எங்கள் பக்கம் சித்தாள் கூலி கொத்தனார் கூலியில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

அதனால் "வேலை நடக்கிற இடத்திலேயே பழகலாமே" என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஒரு பெண்ணுக்கு அங்கே யார் பழக்கிக் கொடுக்கிறார்கள் என்பதைத்தான். உங்கள் தங்கைக்கு அந்த வழி பெரும்பாலும் சட்டியோடு நின்றுவிடும்.

சரி, ஒரு வருடம் அங்கே என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

முதல் வாரம் நாங்கள் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. பலகையில் சாந்தைக் கொட்டி, கரண்டியால் வெட்டி எடுத்து, ஒரே இழுப்பில் பரப்பிப் பழகினோம். மணிக்கட்டு வீங்கிப் போனது. அந்தச் சாந்தில் சிமெண்ட் கிடையாது, சுண்ணாம்பும் மணலும்தான். இறுகப் பிடிக்காது என்பதால் கட்டியதைப் பிரித்து, கல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மறுநாள் அதே கல்லில் கட்டலாம். கட்டுவதும் பிரிப்பதுமாகவே வருடம் ஓடியது. ஆரம்பத்தில் எனக்கு அழுகையாக வரும். காலையிலிருந்து பார்த்துப் பார்த்து எழுப்பிய மூலையைச் சாயங்காலம் நானே பிரித்து அடுக்க வேண்டும்.

ஏன் பிரிக்கச் சொன்னார்கள் என்பது மூன்றாவது மாதம்தான் புரிந்தது. அன்று நான் ஒரு மூலை எழுப்பியிருந்தேன். தூக்குக்குண்டு பிடித்தால் குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில். சார் வந்து பார்த்தார். "நல்லாருக்கு. இப்போ பிரி" என்றார். மேல் வரியிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கவிழ்த்து வைக்கச் சொன்னார். கல்லின் அடியில் இரண்டு ஓரத்தில் மட்டும் சாந்து ஒட்டியிருந்தது, நடுவில் கல் சிவப்பாக அப்படியே தெரிந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கிற நெட்டுச் சந்தில் முன்பக்கம் அரை அங்குலம்தான் அடைத்திருந்தேன், பின்னால் வெறும் ஓட்டை. "புது வீட்ல மழைத்தண்ணி எப்படி உள்ள வருதுன்னு கேக்குறாங்கல்ல, இப்படித்தாம்மா வருது" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து கல்லின் முட்டுப் பக்கத்தில் முழுக்கச் சாந்து தடவாமல் நான் ஒரு கல்லும் வைத்ததில்லை.

ஒரு வருடப் படிப்புக்கு நான் சொல்லும் பெரிய காரணம் இதுதான். வேலைத்தளத்தில் கட்டிய சுவரை யாரும் பிரித்துக் காட்ட மாட்டார்கள். மேலே பூச்சு விழுந்துவிடும். நல்ல கட்டுமானமும் மோசமான கட்டுமானமும் பூச்சுக்குப் பிறகு ஒரே மாதிரிதான் தெரியும். தான் செய்கிற தப்பைக் கண்ணாலேயே பார்க்காமல் முப்பது வருடம் வேலை பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு நாள். செங்கலை ஏன் நனைக்கிறோம் என்று சார் கேட்டார். அம்மா ஆயுசு முழுக்கச் செங்கலுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார், கொத்தனார் சத்தம் போடுவார் என்பதால். எனக்கும் காரணம் தெரியவில்லை. காய்ந்த கல் ஒன்று, தண்ணீரில் போட்டுக் குமிழி அடங்கிய பிறகு எடுத்த கல் ஒன்று, இரண்டின் மேலும் ஒரே சட்டியில் குழைத்த சிமெண்ட் கலவையைப் பரப்பினார். கொஞ்ச நேரம் கழித்து விரலால் தொடச் சொன்னார். காய்ந்த கல்லின் மேல் இருந்தது மாவு மாதிரி உதிர்ந்தது. சாந்தில் இருக்கிற தண்ணீரைக் கல் குடித்துவிட்டால் சிமெண்ட் இறுகுவதற்குத் தண்ணீர் இருக்காது. அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். "இதுக்குத்தானா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

இந்த மாதிரி நிறைய. மூலையில் முதலில் ஒரு கல் குறுக்கே வைத்து, அதை ஒட்டி நீளவாக்கில் பிளந்த பாதிக் கல் ஒன்று வைக்க வேண்டும். குயின் குளோசர் என்பார்கள். அதை வைக்காவிட்டால் மேல் வரிச் சந்தும் கீழ் வரிச் சந்தும் ஒரே நேராக வந்துவிடும், விரிசல் அந்த வழியாகத்தான் ஓடும். வரி நேராக வர நூல் கட்டினால் கல் நூலைத் தொடக் கூடாது, நூல் கனத்துக்கு இடைவெளி விட்டுத்தான் வைக்க வேண்டும். ஒரு கல் தொட்டுத் தள்ளினால் அடுத்த கல் அந்தத் தப்பான நூலைப் பார்த்து உட்காரும். 3 அடி, 4 அடி, 5 அடி முக்கோணமாக அளந்து மூலை செங்கோணமா என்று பார்ப்பது, ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் கலவை, நாலரை அங்குலச் சுவருக்கு ஒன்றுக்கு நாலு, இதெல்லாம் கொத்தனார்கள் எல்லோருக்கும் தெரியும். வரைபடம் படிப்பதும் கணக்குப் போடுவதும்தான் பலருக்குத் தெரியாது. 190, 90, 90 மில்லிமீட்டர் அளவுக் கல்லென்றால் 10 மில்லிமீட்டர் சாந்தோடு சேர்த்து ஒரு கன மீட்டருக்கு 500 கல் என்று வகுப்பில் போட்டுக் காட்டினார்கள். இந்தக் கணக்கு கையில் இருந்தால் வேலையை மொத்தமாகப் பேசி எடுக்கலாம்.

ஐடிஐ தராதது வேகம். இதை மறைக்க மாட்டேன். படித்து முடித்து முதல் மாதம் நாளுக்கு 250 கல்தான் என்னால் வைக்க முடிந்தது, பக்கத்தில் இருந்தவர் அதைப் போல இரண்டு மடங்கு போவார். மேஸ்திரி நல்ல மனிதர். "தாயி, உன் சுவர் நேரா இருக்கு. ஆனா வீட்டுக்காரர் காசை நாளுக்குத்தான குடுக்கார்" என்றார். அந்த வேகம் வர எனக்கு எட்டு மாதம் ஆனது. சாரத்தில் நின்று வேலை பார்ப்பதும், வெயிலில் சாந்து சீக்கிரம் இறுகுவதற்கு முன்னால் முடிப்பதும் வெளியில்தான் பழகியது. ஆனால் நேர்த்தி முதலில் வந்தால் வேகம் பின்னால் வந்துவிடுகிறது. வேகத்தை முதலில் பழகியவர்கள் நேர்த்திக்குத் திரும்பி நான் அதிகம் பார்த்ததில்லை.

"பெண்ணால் முடியுமா?" என்று உங்கள் வீட்டில் கட்டாயம் கேட்பார்கள். ஒரு செங்கல் சுமார் 3 கிலோ. என் அம்மா ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை தலையில் தூக்கிப் படியேறிய கலவைச் சட்டி அதைப் போலப் பல மடங்கு. அதைத் தூக்கும்போது யாரும் முடியுமா என்று கேட்கவில்லை.

மற்ற விவரங்கள் சுருக்கமாக: படிப்பு ஒரு வருடம், எட்டாம் வகுப்பு தேறியிருந்தாலே போதும். கடைசியில் அகில இந்தியத் தேர்வு எழுதித் தேறினால் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால், 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் ஐடிஐக்கும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பாதுகாப்புக் காலணியும் கையுறையும் போடாமல் சிமெண்டைத் தொட விடாதீர்கள், விரலிடுக்கு புண்ணாகிவிடும்.

எல்லா ஐடிஐயிலும் மேசன் பிரிவு இருக்காது. இருக்கிற இடத்திலும் சேர்ப்பதற்கு முன்னால் தங்கையைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். கற்கள் எப்படி இருக்கின்றன என்று கவனியுங்கள். ஓரம் உடைந்து, பழைய சாந்து வெள்ளை வெள்ளையாக ஒட்டி, பல தடவை கட்டிப் பிரித்த கல்லாக இருந்தால் அங்கேயே சேர்த்துவிடுங்கள். எல்லாம் புதுக் கல்லாகச் சுவரோரம் அழகாக அடுக்கி வைத்திருந்தால் வேறு இடம் பாருங்கள்.