சாம்பியன் ஆன கையோடு 2011 டல்லாஸ் மாவரிக்ஸ் தன் ஆட்களை விட்டது சரியா?

"கோப்பை வென்ற அணியை அப்படியே வைத்துக்கொள்வதுதானே புத்திசாலித்தனம்? 2011-இல் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் சாம்பியன் ஆன டல்லாஸ், ஆறே மாதத்தில் ஏன் அணியைக் கலைத்தது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த வருடம் நான் டல்லாஸை ஒட்டிய இர்விங்கில் வேலையில் இருந்தேன். அதனால் என்னிடம் நடுநிலையான பதிலை எதிர்பார்க்க வேண்டாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டைசன் சாண்ட்லரை விட்டது தவறு. மற்றவர்களை விட்டதற்கு ஓரளவு நியாயம் உண்டு. நிர்வாகம் போட்ட கணக்கு தாளில் சரியாகத்தான் இருந்தது. மிச்சம் பிடித்த காசோடு கடைக்குப் போனபோது அங்கே சரக்கு இல்லை, அவ்வளவுதான்.

அந்த அணி எப்படிப்பட்டது என்று தெரியாவிட்டால் இந்தக் கோபம் புரியாது. 2006 இறுதிப் போட்டியில் மயாமியை 2-0 என்று முந்திவிட்டு, பிறகு வரிசையாக நான்கு ஆட்டம் தோற்ற அணி. அடுத்த வருடம் லீக்கில் 67 வெற்றி பெற்று, பிளேஆஃப் (லீக் ஆட்டங்கள் முடிந்ததும் நடக்கும் கோப்பைச் சுற்றுகள்) முதல் சுற்றிலேயே எட்டாம் இடத்து கோல்டன் ஸ்டேட்டிடம் மண்ணைக் கவ்விய அணி. அணியின் நட்சத்திரம் டிர்க் நோவிட்ஸ்கி நல்லவர், வல்லவர், ஆனால் அவரை வைத்துக் கோப்பை வெல்ல முடியாது என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. 2010 கோடையில் சார்லட் அணியிடமிருந்து சாண்ட்லர் வந்தபோதும் யாரும் பட்டாசு வெடிக்கவில்லை. அடிக்கடி காயப்படும் சென்டர் (கூடைக்கு அருகில் நிற்கும் உயரமான ஆட்டக்காரர்), அதற்கு முந்தைய இரண்டு மூன்று வருடம் சரியாக ஆடவில்லை என்றுதான் பேச்சு.

வந்தவர் அணியின் குணத்தையே மாற்றினார். புள்ளிக் கணக்கைப் பார்த்தால் தெரியாது. நோவிட்ஸ்கியின் காவல், அதாவது எதிராளியைத் தடுக்கும் ஆட்டம், சுமாரானது, ஜேசன் டெர்ரிக்கும் பரேயாவுக்கும் உயரம் கிடையாது. இவர்கள் எல்லாரையும் தாண்டி எதிராளி கூடைக்கு அருகில் வந்தால், அங்கே ஏழடி மனிதர் ஒருவர் கத்திக்கொண்டு நிற்பார். அவர் கத்துவது டிவியிலேயே கேட்கும். யார் எங்கே நகர வேண்டும் என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார். கிரிக்கெட்டில் நல்ல விக்கெட் கீப்பர் செய்கிற வேலை அது.

அதற்குத் திட்டம் வகுத்தவர் துணைப் பயிற்சியாளர் டுவேன் கேசி. அப்போதெல்லாம் என்.பி.ஏ.வில் ஸோன் டிஃபென்ஸ் (ஆளுக்கு ஆள் ஒட்டாமல் களத்தின் பகுதிகளைக் காப்பது) என்றால் கல்லூரிப் பையன்கள் சமாச்சாரம் என்று முகம் சுளிப்பார்கள். கேசி அதைத் துணிந்து அடிக்கடி இறக்கினார். 2011 இறுதிப் போட்டியில் மயாமியின் லெப்ரான் ஜேம்ஸ் நான்காவது ஆட்டத்தில் 8 புள்ளிதான் எடுத்தார் என்றால், அதில் கேசியின் திட்டத்துக்கும் சாண்ட்லரின் தொண்டைக்கும் பங்கு உண்டு. தலைமைப் பயிற்சியாளர் ரிக் கார்லைல் அதே ஆட்டத்தில்தான் டிஷான் ஸ்டீவன்சனை உட்கார வைத்துவிட்டு, அணியிலேயே குட்டையான பரேயாவைத் தொடக்க ஐவரில் இறக்கினார். அப்போது மயாமி 2-1 என்று முன்னால் இருந்தது. அதற்குப் பிறகு அவர்கள் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ஜூன் 12, மயாமியிலேயே, 105-95. நோவிட்ஸ்கி கடைசி மணி அடிப்பதற்குள் அழுதுகொண்டே உள்ளே ஓடிவிட்டார். எங்கள் அடுக்ககத்தில், அதுவரை கிரிக்கெட் தவிர வேறெதையும் மதிக்காத என் அறைத்தோழனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தூசி என்றான்.

நான்கு நாள் கழித்து ஊர்வலம். அலுவலகத்தில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு ரயிலேறிப் போனேன். டெக்சாஸ் ஜூன் வெயில், தலைக்கு மேல் தலை. வழியில் சாண்ட்லரின் 6-ஆம் நம்பர் ஜெர்சி ஒன்று வாங்கினேன். எல்லாரும் 41 வாங்குகிறார்களே, நாம் வேறு மாதிரி இருப்போம் என்கிற நப்பாசை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் போனவர் கேசி. கோப்பை வென்று பத்து நாள்கூட ஆகவில்லை, டொராண்டோ அவரைத் தலைமைப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது. இதற்கு டல்லாஸைக் குறை சொல்ல முடியாது. துணைப் பயிற்சியாளர் ஒருவருக்குத் தலைமைப் பதவி வந்தால் வாழ்த்தி அனுப்புவதுதான் மரபு, அதுதான் மரியாதையும். (கேசி டொராண்டோவை மெல்ல மெல்ல மேலே கொண்டுவந்தார், 2018-இல் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதும் வாங்கினார், அதே வருடம் வேலையும் போனது. அடுத்த வருடம் டொராண்டோ சாம்பியன். இந்தத் தொழில் அப்படி.) ஆனால் காவலை வகுத்தவர் போய்விட்டார், இனி அதைக் களத்தில் நடத்துபவரையாவது பிடித்து வைக்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா?

தோன்றியிருந்தாலும் பேச வழியில்லை என்பது வேறு விஷயம். ஜூலை 1 முதல் லாக்கவுட், அதாவது லீக்கே கதவடைப்பு. அணி முதலாளிகளும் ஆட்டக்காரர் சங்கமும் வருமானப் பங்கீட்டில் முட்டிக்கொண்டு நின்றார்கள். டிசம்பர் 8 வரை ஆட்டக்காரர்களோடு ஒப்பந்தம் போட முடியாது. பிறகு கிறிஸ்துமஸ் அன்று முதல் ஆட்டம். சாதாரணமாக ஒரு கோடைக்காலம் முழுக்க உட்கார்ந்து எடுக்கிற முடிவுகளை இரண்டு வாரத்தில் எடுக்க வேண்டியிருந்தது.

இனி அந்தக் கணக்கு. அந்த வருடம் ஓர் அணியின் சம்பள வரம்பு சுமார் 5.8 கோடி டாலர். ஆனால் உங்கள் சொந்த ஆட்டக்காரரை மறுபடி ஒப்பந்தம் செய்வதாக இருந்தால் வரம்பைத் தாண்டலாம் என்று ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய பாஸ்டன் நட்சத்திரம் லாரி பேர்டின் பெயரால் அழைக்கப்படுவது அது. அதாவது சாண்ட்லருக்கு டல்லாஸ், ஓர் ஆட்டக்காரருக்கு லீக் அனுமதிக்கும் உச்ச சம்பளம்வரை தந்திருக்கலாம், விதி தடுக்கவில்லை. தடுத்தது வரி. சுமார் 7 கோடி டாலரைத் தாண்டினால், தாண்டும் ஒவ்வொரு டாலருக்கும் லீக்குக்கு ஒரு டாலர் கட்ட வேண்டியிருந்தது. அப்போதைய முதலாளி மார்க் க்யூபன் அதற்கெல்லாம் அஞ்சுகிறவர் இல்லை, வருடா வருடம் கட்டியவர்தான். ஆனால் லாக்கவுட்டுக்குப் பின் வந்த புது ஒப்பந்தம், 2013-14 முதல் இந்த வரியைப் படிப்படியாக ஏற்றியது. தொடக்கமே டாலருக்கு ஒன்றரை டாலர், மேலே போகப் போக இரண்டரை, மூன்றேகால். தொடர்ந்து தாண்டுகிறவர்களுக்கு அதற்கு மேல் தனி அபராதம்.

க்யூபனும் பொது மேலாளர் டானி நெல்சனும் என்ன யோசித்தார்கள் என்றால், இனி பணத்தைக் கொட்டி வெல்ல முடியாது, சம்பள வரம்பில் காலியிடம் இருப்பவனே ராஜா. நீண்ட ஒப்பந்தங்களைத் தவிர்ப்போம், 2012 கோடையில் பெரிய நட்சத்திரம் ஒருவரைப் பிடிப்போம். அவர்கள் மனதில் இருந்தவர் டெரன் வில்லியம்ஸ், டல்லாஸ் பக்கத்திலேயே வளர்ந்தவர். டுவைட் ஹோவர்ட் மீதும் ஒரு கண்.

இதை முட்டாள்தனம் என்று சொல்லமாட்டேன். ஜேசன் கிட்டுக்கு வயது 38, மற்ற மூத்தவர்களான நோவிட்ஸ்கி, டெர்ரி, ஷான் மேரியன் எல்லாரும் 33, 34. அப்படியே வைத்திருந்தாலும், நெருக்கியடித்த 66 ஆட்டப் பருவத்தில் அந்தக் கால்கள் தாங்கியிருக்காது. எனக்கு உறைப்பது வேறு. வயதான அணி என்பதுதான் கவலை என்றால், போனது யார் யார்? சாண்ட்லருக்கு 29 வயது. பரேயாவுக்கு 27. ஜூனில் டிராஃப்ட் தேர்வை (புது ஆட்டக்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) கொடுத்து வாங்கிய ரூடி ஃபெர்னாண்டஸையும், கோரி ப்ரூவரையும் டிசம்பரில் டென்வருக்குத் தள்ளிவிட்டார்கள், இருவருமே இருபதுகளில் இருந்தவர்கள். கிழவர்களை வைத்துக்கொண்டு இளையவர்களை அனுப்பினார்கள்!

சாண்ட்லர் நியூயார்க் நிக்ஸுக்குப் போனார், நான்கு ஆண்டு, 5.5 கோடி டாலருக்கு மேல். பரேயா மினசோட்டாவுக்கு. கேரன் பட்லர் கிளிப்பர்ஸுக்கு, அவர் முழங்கால் காயத்தால் பிளேஆஃபிலேயே ஆடவில்லை. ஸ்டீவன்சன் நெட்ஸுக்கு. பெஜா ஸ்டோயாகோவிச் ஓய்வு. பரேயாவுக்கு நான்கு வருடம் தராததை நான் குறை சொல்லமாட்டேன், அந்த அளவு ஆட்டக்காரருக்கு மாற்று கிடைக்கும். சாண்ட்லருக்குக் கிடைக்காது. இதில் இன்னொரு கூத்து: 2010 கோடையில், சாண்ட்லர் வருவதற்குச் சற்று முன்புதான், சென்டர் பிரெண்டன் ஹேவுட்டுக்கு ஆறு வருட ஒப்பந்தம் கொடுத்திருந்தார்கள். அதாவது உதவி சென்டருக்கு ஆறு வருடம், கோப்பை வாங்கித் தந்த சென்டருக்குக் கையை விரித்தாயிற்று. 2012-இல் அந்த ஹேவுட்டையும் பொதுமன்னிப்பு விதியின் கீழ் (சம்பளம் வரம்புக் கணக்கில் சேராமல் ஒருவரை விடுவிக்கும் விதி) கழற்றிவிட்டார்கள்.

சாண்ட்லருக்குப் பதிலாக வந்தவர்கள் லமார் ஓடம், வின்ஸ் கார்ட்டர், டெலான்டே வெஸ்ட். ஓடம் வந்தபோது நான்கூட மயங்கிவிட்டேன். முந்தைய பருவத்தின் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் (தொடக்க ஐவருக்குப் பின் மாற்றாக இறங்குபவர்களில் சிறந்தவர்), லேக்கர்ஸோடு இரண்டு கோப்பை. க்ரிஸ் பால் என்கிற நட்சத்திரத்தை வாங்கத் தன்னைக் கொடுக்க லேக்கர்ஸ் முயன்றது அவரை உடைத்திருந்தது. அந்த ஒப்பந்தத்தை லீக் நிறுத்திய சில நாளில் டல்லாஸுக்கு வந்தார். உடல் வந்தது, மனம் வரவில்லை. 50 ஆட்டம், சராசரி 6.6 புள்ளி, ஏப்ரலில் இரு தரப்பும் பிரிந்தன. அரங்கில் அவரைப் பார்த்துக் கூவியவர்களோடு சேர்ந்து நானும் ஒரு முறை கூவினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கிறிஸ்துமஸ் அன்று சாம்பியன் கொடியை ஏற்றினார்கள், எதிரில் அதே மயாமி. கொடி ஏறியது, ஆட்டம் போனது. முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. நான்காவதில்தான் முதல் வெற்றி, அதுவும் கேசியின் டொராண்டோவிடம். பருவ முடிவில் 36 வெற்றி, 30 தோல்வி. முதல் சுற்றில் ஓக்லஹோமா சிட்டி நான்குக்கு நான்கு என்று வாரிச் சுருட்டியது. சாண்ட்லரோ நியூயார்க்கில் அந்த ஆண்டின் சிறந்த காவல் ஆட்டக்காரர் விருதை வாங்கினார். க்யூபன் தரப்புக்காக ஒன்றையும் சொல்ல வேண்டும்: நிக்ஸும் அந்த வருடம் அதே 36-30 தான், அவர்களும் முதல் சுற்றிலேயே வெளியே.

அப்புறம் 2012 கோடை, எதற்காக எல்லாரையும் விட்டார்களோ அந்தக் கோடை. டெரன் வில்லியம்ஸ் தன் அணியான ப்ரூக்ளின் நெட்ஸிலேயே தங்கிவிட்டார். அவரோடு பேச்சு நடந்தபோது க்யூபன் டிவி நிகழ்ச்சிப் படப்பிடிப்பில் இருந்தார். அவர் நேரில் வந்திருந்தால் தன் கேள்விகளுக்குப் பதில் கிடைத்திருக்கும் என்கிற மாதிரி வில்லியம்ஸே பிறகு சொன்னார். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்று எங்கள் வீட்டில் பாட்டி சொல்வார், அது இதுதான். கிட் நியூயார்க்குக்குப் போய் சாண்ட்லரோடு சேர்ந்துகொண்டார். டெர்ரி பாஸ்டனுக்கு. கோப்பை வெல்வதற்கு முன்பே கோப்பைப் படத்தைக் கையில் பச்சை குத்திக்கொண்ட ஆள் அவர், அவரும் போய்விட்டார். பயிற்சியாளர் குழுவிலிருந்து டெர்ரி ஸ்டாட்ஸும் போர்ட்லாண்டுக்குத் தலைமைப் பயிற்சியாளராகக் கிளம்பினார். அந்த வருடத்தின் ஒரே நல்ல முடிவு, கார்லைலுக்குப் புதிதாக நான்கு வருடம் கொடுத்ததுதான். சாம்பியன் பயிற்சியாளர் அதுவரை பழைய ஒப்பந்தத்தின் கடைசி வருடத்தில் ஓடிக்கொண்டிருந்தார்.

2012-13 பருவத்தில் ஆட்டக்காரர்கள் வெற்றியும் தோல்வியும் சமமாகும்வரை தாடி எடுப்பதில்லை என்று சபதம் செய்தார்கள். சாம்பியன் ஆகி இரண்டு வருடத்தில் இலக்கு அந்த அளவுக்கு இறங்கியிருந்தது. ஏப்ரலில் ஒருவழியாகத் தாடி எடுத்தார்கள். 41-41, பிளேஆஃப் இல்லை. 2013-இல் ஹோவர்ட் ஹூஸ்டனைத் தேர்ந்தெடுத்தார்.

சமீபகாலச் சாம்பியன்களோடு ஒப்பிட்டால், 2023-இல் டென்வர் ப்ரூஸ் பிரவுனை இழந்தது, ஆனால் அவர்கள் நினைத்தாலும் இந்தியானா கொடுத்த தொகையைத் தர விதி இடம் தரவில்லை. 2019-இல் டொராண்டோவை விட்டு கவாய் லெனர்ட் தானாகவே போனார். டல்லாஸ் விஷயம் அப்படியல்ல. வைத்துக்கொள்ள முடியும், வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு பிளேஆஃப் சுற்றையாவது வெல்ல 2022 வரை, லூக்கா டான்சிச் வளர்ந்து வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. நோவிட்ஸ்கி 2019-இல் ஓய்வு பெற்றுவிட்டார். இடையில் அணிக்காகத் தன் சம்பளத்தைக் கணிசமாகக் குறைத்துக்கொண்டும் அவர் இன்னொரு சுற்று வெற்றியைப் பார்க்கவில்லை.

சரி, அந்த ஜெர்சி. 2011 டிசம்பரில் மடித்து அலமாரியில் வைத்தேன். 2014-இல் டல்லாஸ் சாண்ட்லரைத் திரும்ப வாங்கியது, அதே 6-ஆம் நம்பர். சந்தோஷமாக வெளியே எடுத்தேன். ஒரே வருடம். 2015 கோடையில் டிஆண்ட்ரே ஜோர்டான் என்கிற இளைய சென்டர் பின்னால் ஓடினார்கள், சாண்ட்லர் ஃபீனிக்ஸுக்குப் போனார், வருகிறேன் என்று வாக்குக் கொடுத்த ஜோர்டான் சில நாளில் மனம் மாறிக் கிளிப்பர்ஸிலேயே இருந்துவிட்டார். அதே கோடையில் டல்லாஸுக்கு ஒருவழியாக டெரன் வில்லியம்ஸ் வந்து சேர்ந்தார், ப்ரூக்ளின் அவரைக் காசு கொடுத்துக் கழற்றிவிட்ட பிறகு. ஜெர்சி இப்போது சென்னையில் இருக்கிறது. போட்டுப் பார்த்தேன், வயிற்றுப் பக்கம் ஒத்துழைக்கவில்லை.