மாதுளைக்கு வெள்ளி ஷீட் விரிக்கலாமா?

கேள்வி: தாராபுரம் பக்கம் 2 ஏக்கரில் பகவா மாதுளை, ஐந்தாம் வருடம். வரிசைக்கு வரிசை 15 அடி, மரத்துக்கு மரம் 10 அடி. வரிசை கிழக்கு மேற்காக ஓடுகிறது. ஆடியில் பூ எடுத்துத் தையில் அறுக்கிறோம். வெளிப்பக்கக் காய் நன்றாகச் சிவக்கிறது. உள்ளேயும் அடியிலும் தொங்குவது வெளுத்தே நிற்பதால் வியாபாரி இரண்டாம் ரகம் என்று ஒதுக்கிவிடுகிறார். ஆப்பிள் தோட்டங்களில் மரத்தடியில் வெள்ளி நிறப் பிளாஸ்டிக் ஷீட் விரித்துக் கலர் ஏற்றுகிறார்களே, நமக்குச் சரிப்படுமா? எவ்வளவு வாங்க வேண்டும்?

பதில்: சரிப்படும். ஆனால் 2 ஏக்கருக்கும் ஒரேயடியாக வாங்கிவிடாதீர்கள். ஷீட் வெளிச்சத்தை உண்டாக்காது. தரைக்கு வந்து சேர்ந்த வெயிலைத் திருப்பி மேலே அனுப்பும், அவ்வளவுதான். தரையில் வெயிலே விழாத தோட்டத்தில் எவ்வளவு பளபளப்பாக விரித்தாலும் காசு தண்டம்.

அதனால் முதல் வேலை கடைக்குப் போவதல்ல. மார்கழியில் ஒரு நாள் மதியம் 12:30-க்குத் தோட்டத்துக்குள் நின்று நிழலைப் பாருங்கள். நம் பக்கம் அந்த மாதத்தில் சூரியன் உச்சிக்கு வருவது அந்த நேரத்தை ஒட்டித்தான். அப்போதும் அது தலைக்கு நேரே நிற்காது. தெற்கே சாய்ந்து 60 டிகிரிக்கும் கீழேதான் ஏறும். 7 அடி மரத்தின் நிழல் வடக்கே நாலரை அடி விழும். உங்கள் வரிசை கிழக்கு மேற்கு என்பதால், ஒவ்வொரு வரிசைக்கும் தென்பக்கத் தரையில் வெயில் இருக்கும், வடபக்கம் நிழலாகக் கிடக்கும். தெற்கிலிருந்து இறங்கும் வெயில் தென்பக்க ஷீட்டில் பட்டு, வடக்கு நோக்கி மேலே எழும்பி, நேராக அந்த மரத்தின் அடிவயிற்றுக்குள் போகும். வரிசைக்கு ஒரு பட்டை போதும், அதுவும் தென்பக்கம் மட்டும். வடக்கு தெற்காக வரிசை வைத்தவர்கள்தான் இரண்டு பக்கமும் விரிக்க வேண்டும், ஏனென்றால் காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் வெயில் மாறும்.

பலன் கிடைக்குமா என்று செலவில்லாமல் பார்க்க ஒரு வழி. வெளுத்த வேட்டி ஒன்றை மடிப்பில்லாமல் தென்பக்கம் விரியுங்கள். செல்போனில் வெளிச்சம் அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, உள்ளே தொங்கும் காய்க்குக் கீழே, சென்சார் தரையைப் பார்க்கும்படி போனைப் பிடியுங்கள். வேட்டி இல்லாமல் ஒரு அளவு, இருக்கும்போது ஒரு அளவு. எண் நன்றாக ஏறினால் ஷீட்டும் வேலை செய்யும். ஏறவே இல்லையா, அங்கே தேவைப்படுவது காவாத்துக் கத்தரிதான்.

பெரும்பாலான மாதுளைத் தோட்டங்களில் அதுதான் நிலைமை. ஒரு தூரில் 3, 4 தண்டுக்கு மேல் விடக்கூடாது. பல தோட்டங்களில் 7, 8 நிற்கிறது. தூரிலிருந்து கிளம்பும் போத்துகளையும், நடுவில் செங்குத்தாகப் போகும் நீர்ப்போத்துகளையும் எடுங்கள். தரையைத் தொடும் கிளைகளை ஒன்றரை, இரண்டு அடி உயரத்துக்கு மேலே வெட்டியோ கம்பியில் தூக்கிக் கட்டியோ விடுங்கள். ஷீட்டிலிருந்து வரும் வெளிச்சம் நுழைய வாசல் அதுதான். பெரிய காவாத்தைப் பூ எடுப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். இப்போது செய்வது வெறும் துப்புரவு. அதையும் ஷீட் விரிப்பதற்கு 10 நாள் முன்பாகச் செய்யுங்கள். நிழலிலேயே வளர்ந்த காயை ஒரே நாளில் வெயிலுக்குத் திறந்து, கீழிருந்தும் வெளிச்சம் அடித்தால் தோல் வெந்துபோகும்.

எந்தப் பொருள்? காய்கறிக்கு விரிக்கும் 25, 30 மைக்ரான் தடிமனுள்ள, ஒரு பக்கம் வெள்ளி மறுபக்கம் கருப்பான ஷீட் இதற்கு ஆகாது. நாலு ஆள் நடந்தாலே கிழியும். வெள்ளி கருப்பு என்றால் 100 மைக்ரான் கேளுங்கள், வெள்ளிப் பக்கம் மேலே. கண்ணாடிபோல மின்னும் அலுமினியப் பூச்சு ஷீட்டும் உண்டு. அது வெளிச்சத்தை ஒரே திசையில் குத்தாக அனுப்புவதால் சில காய்க்கு அதிகமாகவும் சிலவற்றுக்கு இல்லாமலும் போகும். பால் வெள்ளை ஷீட்டோ வெள்ளை நெய்த துணியோ வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் பரப்பும். பழத்தின் நிறத்துக்கு என் ஓட்டு வெள்ளைக்கே. நெய்த துணியில் மழைத் தண்ணீரும் இறங்கும், பல வருடம் வரும், விலைதான் கூட. சோதனைக்குப் பழைய பிளெக்ஸ் பேனர்கூடப் போதும், பின்பக்கம் வெள்ளையாக இருந்தால்.

அளவு: உங்கள் இடைவெளியில் ஏக்கருக்கு 290 மரம், வரிசைகளின் மொத்த நீளம் 885 மீட்டர். 4 அடி அகலப் பட்டை ஒன்று வைத்தால் ஏக்கருக்குச் சுமார் 1,060 சதுர மீட்டர். 100 மைக்ரான் பாலித்தீன் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 92 கிராம் என்பதால் 98 கிலோ வரும். முதல் வருடம் 10 மரத்துக்கு மட்டும் விரித்துப் பாருங்கள், மூன்றரை கிலோவில் முடியும். கடையில் கிலோ கணக்கில் விலை சொல்லும்போது மைக்ரானையும் கேட்டு இந்தக் கணக்கோடு ஒத்துப் பாருங்கள். எடை குறைந்தால் தடிமன் குறைவு.

அறுவடைக்கு 5, 6 வாரம் முன்பு, காய் திரண்டு பச்சை மங்கும் சமயத்தில் விரியுங்கள். வருடம் முழுக்கக் கிடக்க வேண்டியதில்லை. தரையில் களையை வெட்டி, வெங்கச்சாங்கல்லைப் பொறுக்கி எடுங்கள். ஒரு கூர்க்கல் போதும், மேலே கால் வைத்ததும் ஓட்டை விழும். மரத்தின் கிளை பரவி நிற்கும் விளிம்புக்கு உள்ளே 1 அடி, வெளியே 3 அடி இருக்கும்படி இழுத்து, 6 அடிக்கு ஒரு மண் மூட்டை வையுங்கள். ஓரத்தை மண்ணில் புதைத்தால் எடுக்கும்போது கிழியும், மண்ணும் மேலே ஏறும். நம் செம்மண் புழுதி படிந்த ஷீட் ஷீட்டே அல்ல. வாரம் ஒருமுறை ஹோஸ் பைப்பால் கழுவிவிடுங்கள். மயில் வந்து கொத்தும், கீழே எலி வளை தோண்டும், அவ்வப்போது தூக்கிப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் அறுவடை வைத்திருப்பவர்கள் இந்த வேலையைத் தொடாமல் இருப்பது நல்லது. மூட்டையோடு தூக்கிக்கொண்டு போய்விடும்.

இதில் அதிகம் கெடுவது மழையால். பழுக்கும் நேரத்தில் ஷீட்டில் விழும் தண்ணீர் மரத்தடிக்கு ஓடினால் வேர் திடீரென்று குடிக்கும், தோல் தாங்காமல் காய் வெடிக்கும். பட்டையின் வெளி ஓரம் தாழ்ந்து, தண்ணீர் வண்டித்தடத்துப் பக்கம் வடியும்படி தரையைச் சரித்துக்கொள்ளுங்கள். பெரிய மழை வரும் என்று தெரிந்தால் சுருட்டி வைத்துவிடுங்கள். ஷீட் கிடக்கும் இடத்தில் ஈரம் காயாது என்பதையும் மறக்கக் கூடாது. பழைய கணக்கிலேயே சொட்டுநீர் விட்டால் தூர் நசநசவென்று இருக்கும், வாடல் நோய்க்கு அதுவே போதும். கையால் மண்ணைப் பிடித்துப் பார்த்துத் தண்ணீரைக் குறையுங்கள்.

அடுத்தது வெயில். ஆப்பிளில் பழத்தோலின் சூடு 46 முதல் 49 டிகிரியைத் தொட்டால் வெயில் பட்ட இடம் பழுப்பேறும். மாதுளைக்கும் தென்மேற்குப் பக்கக் காய்தான் முதலில் வேகும். அந்தப் பக்கத்துக்கு மட்டும் லிட்டருக்கு 50 கிராம் கயோலின் என்ற வெள்ளைக் களிமண் தூளைக் கலந்து ஷீட் விரிக்கும் முன்பே தெளிக்கலாம்; அறுத்த பிறகு வெள்ளையைத் துடைக்கும் கூலி உண்டு. மாசியிலிருந்து வைகாசி வரை அறுவடை வருகிறவர்களுக்கு ஷீட் வேண்டவே வேண்டாம். சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் சூட்டில் சரியாகச் சேராது. வெளிச்சத்தைக் கூட்டி வெந்த காயை வாங்குவதுதான் மிச்சம். உள்ளே இருக்கும் முத்தின் நிறத்தையும் ஷீட் மாற்றாது. அது பெரும்பாலும் சூட்டையும் முதிர்ச்சியையும் பொறுத்தது. காய்க்கு உறை போட்டிருந்தாலும் பலன் இருக்காது, உறையைக் கழற்றிய பிறகுதான்.

வேலையாட்களுக்குக் கண் கூசும். பறிப்பையும் கட்டுவதையும் காலை 10 மணிக்குள் முடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் கருப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். அறுவடைக்கு முந்தைய நாளே ஷீட்டைச் சுருட்டிவிடுங்கள். பழம் அடுக்கும் கிரேட் பெட்டியை அதன் மேலே இழுத்தால் அன்றே கதை முடிந்தது. கழுவி, நிழலில் காயவைத்து, கொட்டகையில் எலி ஏறாத இடத்தில் தொங்கவிடுங்கள். கிழிந்ததைக் கொளுத்தாதீர்கள், பழைய பிளாஸ்டிக் எடுப்பவர் கிலோ கணக்கில் வாங்கிக்கொள்வார்.

அந்த 10 மரத்துக் காயை மற்றதோடு கலக்காமல் தனியாக அறுத்து, பக்கத்து வரிசையில் ஷீட் போடாத 10 மரத்தையும் தனியாக அறுத்து, இரண்டிலும் முதல் ரகம் எத்தனை கிரேட், இரண்டாம் ரகம் எத்தனை என்று எழுதி வையுங்கள். ரகத்துக்கு ரகம் விலை வித்தியாசத்தோடு பெருக்கினால், மீதி மரத்துக்கு வாங்கலாமா என்பது ஐந்து நிமிடக் கணக்கு.