அக்காவுக்கும் ஆபரேஷன், மதினிக்கும் ஆபரேஷன்… எனக்கு?

கேள்வி: எனக்கு வயது 24. உசிலம்பட்டிப் பக்கம். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஒன்பதாம் மாதம் நடக்கிறது. குழந்தை தலை திரும்பி நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். ஆனால் அக்கா, சித்தி மகள், எதிர்வீட்டு மதினி மூன்று பேருக்கும் முதல் குழந்தையே சிசேரியன். மாமியார் நல்ல நட்சத்திரம் பார்த்து ஆபரேஷனுக்கு நாள் குறிக்கலாம் என்கிறார். இந்தக் காலத்தில் சுகப்பிரசவம் நடக்குமா?

பதில்: நடக்கும், தாயி. நீ பயப்படுவதிலும் தப்பில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்துக்கு ஏறக்குறைய 45 சிசேரியன். நாடு முழுக்கப் பார்த்தால் 22கூட இல்லை. தமிழ்நாட்டுக்குள்ளேயே தனியாரில் நடக்கும் நூறு பிரசவத்தில் 64, அரசு ஆஸ்பத்திரிகளில் நடக்கும் நூறில் 36. சிக்கலான கேஸ்களைப் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புகிறார்கள். அப்படியும் அங்கே குறைவு. அதனால் இது பெண்களின் உடம்பை மட்டும் பொறுத்த விஷயம் இல்லை.

பிரசவ வார்டில் வேலை பார்த்த காலத்தில் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்று உண்டு. சாயங்காலம் லேசாக இடுப்பு வலிக்கும். கடைசி பஸ் போய்விடுமே என்று ஏழெட்டுப் பேர் சேர்ந்து பெண்ணை அழைத்து வந்துவிடுவார்கள். பார்த்தால் கர்ப்பப்பை வாய் இரண்டு சென்டிமீட்டர்தான் திறந்திருக்கும். ஊர் தூரம், திருப்பி அனுப்ப மனசு வராது, அட்மிஷன் போடுவோம். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, சாப்பாடில்லை. விடியும்போது மூன்று சென்டிமீட்டர். வெளியே அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளை தாங்க மாட்டா, ஆபரேஷன் பண்ணிருங்க" என்பார். கேஸ் ஷீட்டில் 'பிரசவம் முன்னேறவில்லை' என்று எழுதப்படும். உண்மையில் பிரசவம் அப்போது சூடுபிடிக்கவே இல்லை.

தலைப்பிரசவத்துக்கு நேரம் பிடிக்கும். ஐந்து சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் முழு வேகம் பிடிக்கும், அதற்கப்புறமும் பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2018-ல் சொல்லிவிட்டது. அதனால் எந்த மாதிரி வலி வந்தால் கிளம்ப வேண்டும் என்று உன் டாக்டரிடம் இப்போதே கேட்டு வை. பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ மட்டும் ஒரு நிமிஷம் யோசிக்காதே, உடனே கிளம்பு.

ஊசி போட்டு வலி வரவைக்கலாம் என்றால், "ஏன் இப்போதே?" என்று கேள். சர்க்கரை, ரத்த அழுத்தம், நாள் ரொம்பத் தள்ளிப்போவது எல்லாம் சரியான காரணங்கள். கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறது என்பது மட்டும் ஆபரேஷனுக்குக் காரணமாகாது. அப்படிச் சுற்றிய எத்தனையோ பிள்ளைகள் சுகமாகப் பிறக்கிறார்கள்.

நட்சத்திர விஷயத்தில் மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பார்: "அத்தை, 39 வாரம் ஆகுமுன்னே வலி வராமலே எடுத்தா பிள்ளைக்கு மூச்சுத்திணறல் வரலாமாம். முதல்ல கிழிச்சா அடுத்ததுக்கும் அதுவே ஆகலாம்." ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து கூடுகிறது. முதல் பிரசவத்தில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

ஆனால் ஒன்று. குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கினாலோ, நஞ்சுக்கொடி பிள்ளை வரும் வழியை மறைத்தாலோ, டாக்டர் அவசரம் என்று சொன்னாலோ உடனே சம்மதி. அதில் தோல்வி எதுவும் இல்லை. உன் அக்காவுக்கு என்ன காரணம் இருந்ததோ, அவளை வைத்து உன்னை எடை போடாதே.

அப்புறம், பிரசவ அறையில் துணைக்கு ஒருவர் இருக்க விடுவார்களா என்று விசாரி. பல அரசு ஆஸ்பத்திரிகளில் விடுகிறார்கள். அம்மா வரட்டும். வலி வரும்போது இடுப்பைத் தேய்த்துவிட வேண்டும், இடையில் நடக்க வைக்க வேண்டும், உன் முன்னால் அழக் கூடாது. இந்த மூன்றையும் அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு.