மாதம் 3,000 ரூபாயைக் கடனில் கட்டலாமா?

சகோதரி, 20 லட்சம் வீட்டுக் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம். மாதம் 3,000 மிச்சமாகிறது, அதையும் கடனில் கட்டினால் பயனுண்டா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கட்டுங்கள். உங்கள் தவணை 17,356 ரூபாயில் முதல் மாதம் 14,167 வட்டிக்கே போகிறது. கூடுதல் 3,000 நேராக அசலில் கழியும். ஆரம்பத்திலிருந்தே கட்டினால் சுமார் 14 வருடத்தில் கடன் முடிந்துவிடும். ஆனால் தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று வங்கியில் எழுதிக் கொடுங்கள். மாறும் வட்டிக் கடன் என்றால் முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது.

அந்த 3,000 மாதாமாதம் மிஞ்ச வீட்டுச் செலவில் சிக்கனம் வேண்டும். தர்மபுரியில் நாங்கள் காய்கறிக்கு உழவர் சந்தைதான். ராகியும் புளியும் அறுவடைச் சமயத்திலேயே வருடத்துக்கு வாங்கிவிடுவோம். இரவில் களியும் கீரைக் கடைசலும். அப்புறம், சிக்கனம் என்று பிள்ளைகளின் பால், பழத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். நான் வைத்தேன், இன்றும் மனசு வலிக்கிறது.