தெருவில் பதித்த தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்காரிலிருந்து இறங்கும்போது பயணி காயப்பட்டால் போக்குவரத்து நிறுவனம் நட்டஈடு தரவேண்டுமா?

சில வேளைகளில் தரவேண்டும். ஆனால் காயப்பட்ட கணத்தில் பயணியின் கால் எங்கே இருந்தது, அவரை விழுத்தியது எது என்ற இரண்டையும் பொறுத்தே அது தீர்மானிக்கப்படும். ரொறன்ரோவில் ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றுவதால் இந்தக் கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை; எனவே இதை ஒன்ராறியோ மாகாணச் சட்டம் பற்றிய பொது விளக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கால் இன்னும் வண்டியில் இருக்கும்வரை பயணியின் நிலை வலுவானது. 1940-இல் ரொறன்ரோவின் போக்குவரத்து ஆணையத்துக்கு எதிராக ஸ்ட்ரீட்கார் பயணி ஒருவர் தொடுத்த வழக்கில், கனடிய உச்ச நீதிமன்றம் இன்றளவும் மேற்கோள் காட்டப்படும் ஒரு விதியை எடுத்துரைத்தது. பயணிகளை ஏற்றிச் செல்லும் நிறுவனம் அவர்களுக்கு எதுவுமே நேராது என்று உத்தரவாதம் கொடுத்ததாகக் கருதப்படாது. ஆயினும் விபத்து நேர்ந்து பயணி காயப்பட்டுவிட்டால், தான் உரிய கவனத்தையும் திறமையையும் முழுமையாகக் காட்டியதாக நிறுவவேண்டிய பெரும் சுமை நிறுவனத்தையே சாரும். ஆகவே, இறங்குவதற்காக எழுந்து நின்றவர் திடீர்ப் பிரேக்கில் தூக்கி எறியப்பட்டாலோ, கால் தரையில் படுமுன் வண்டி நகர்ந்துவிட்டாலோ, கதவு மூடிக் கை நசுங்கினாலோ, அப்படி ஏன் நடந்தது என்று விளக்கவேண்டியது நிறுவனம்தான். யாருடைய தவறும் இன்றிக் கணுக்கால் மடங்கி விழுந்திருந்தால் நிறுவனத்திடமிருந்து எதுவும் கிடைப்பது அரிது.

கால் தெருவில் பட்டபின் நிலைமை மாறிவிடுகிறது. இதற்கு அமெரிக்க நீதிமன்றங்கள் நெடுங்காலம் எடுத்துக்காட்டி வந்த பழைய தீர்ப்பு, 1892-இல் மாசச்சூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் வழங்கியது. தெரு என்பது ரயில் நிலையம் அன்று. வண்டியிலிருந்து தெருவில் இறங்கியவர் அக்கணமே பயணி என்ற உரிமையை இழந்து சாதாரண வழிப்போக்கர் ஆகிவிடுகிறார். நடைபாதையை அடையும்வரை அவரைக் காப்பது நிறுவனத்தின் கடமை அன்று என்பது அதன் சாரம். கதவை எந்த இடத்தில் திறப்பது என்று முடிவுசெய்பவர் பயணி அல்லர், சாரதியே என்பதால், இந்தக் கோட்டை இவ்வளவு கறாராகக் கிழிப்பது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. நல்லவேளையாக, பாதுகாப்பாக இறங்கக்கூடிய இடத்தில் வண்டியை நிறுத்தும் கடமை நிறுவனத்துக்கு உண்டு என்பதை நீதிமன்றங்கள் ஏற்கின்றன. தோண்டிப் போட்ட குழிக்கோ உறைந்த பனிக்குவியலுக்கோ நேராகச் சாரதி கதவைத் திறந்துவிட்டால், கால் தெருவில் பட்டுவிட்டது என்பது மட்டும் நிறுவனத்துக்குத் தப்பும் வழி ஆகாது.

ரொறன்ரோவில் இது ஏட்டுச் சட்டமாக நின்றுவிடுவதில்லை. கொலிஜ், டண்டாஸ், குயீன் போன்ற தெருக்களில் தண்டவாளம் நடுத்தெருவில் ஓடுகிறது. பெரும்பாலான நிறுத்தங்களில் கதவுக்கும் நடைபாதைக்கும் இடையில் ஒரு முழுத் தடம் கிடக்கிறது. இறங்குபவர் ஒரு கையில் பையுடன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலப்பக்கம் தலையை நீட்டிப் பார்த்து, அதன்பின் காலைத் தாழ்த்தவேண்டும். படிகள் கொண்ட பழைய வண்டிகள் 2019 டிசம்பரில் ஓய்வுபெற்று, எல்லாமே தாழ்தள வண்டிகள் ஆகிவிட்டன. எனினும் மேடை இல்லாத நிறுத்தத்தில் முழங்கால் வலி உள்ள ஒருவருக்கு அந்த இறக்கம் இன்னும் பெரிதே. ரொன்செஸ்வேல்ஸ் தெருவில் நடைபாதையையே வண்டியின் கதவுவரை நீட்டி மேடை அமைத்திருக்கிறார்கள். எந்த நட்டஈட்டையும்விட இதுவே மேல் என்பது என் உறுதியான கருத்து.

திறந்த கதவைக் கடந்து வந்த கார் மோதினால், முதலில் பார்க்கவேண்டியது போக்குவரத்து நிறுவனத்தை அன்று, காரின் சாரதியைத்தான். நின்று ஆட்களை ஏற்றி இறக்கும் ஸ்ட்ரீட்காரின் கதவிலிருந்து குறைந்தது 2 மீட்டர் பின்னால் வாகனங்கள் நிற்கவேண்டும், இறங்கியவர்கள் பத்திரமாகத் தெருவோரம் சேரும்வரை நகரக்கூடாது என்கிறது ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 166-ஆம் பிரிவு. தனியான பாதுகாப்பு மேடை உள்ள இடங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதே சட்டத்தின் 193-ஆம் பிரிவின்படி, தன்மீது தவறில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு மோதிய காரின் சாரதிக்கு உரியது. இதைவிட முக்கியமான ஒன்று, தவறு யாருடையது என்று பாராமலே சிகிச்சைச் செலவுக்கு வாகனக் காப்புறுதியிலிருந்து விபத்துப் பயன்களைக் கோரலாம் என்பது. அதற்கு 7 நாட்களுக்குள் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்கவேண்டும், அது இயலாவிட்டால் இயன்றவரை விரைவாக. சொந்தக் கார் இல்லாதவர்கள் தமக்கு இந்த உரிமை இல்லையென்றே எண்ணி விட்டுவிடுகிறார்கள். அது சரியல்ல, மோதிய காரின் காப்புறுதியிடமே கேட்கலாம். ஆனால் வலிக்கும் வேதனைக்குமான நட்டஈட்டைக் கோரி வழக்குத் தொடுப்பதானால், காயம் நிரந்தரமானதும் கடுமையானதும் என்று காட்டவேண்டும். கிடைக்கும் தொகை பெரிதாக இல்லாவிட்டால் 40,000 டொலருக்கும் மேல் கழித்துக்கொண்டுதான் தருவார்கள்.

மோதியது சைக்கிள் என்றால் நிலை பரிதாபமானது. 166-ஆம் பிரிவு சைக்கிளையும் கட்டுப்படுத்துகிறது. ஆனால் சைக்கிள் ஒரு மோட்டார் வாகனம் அன்று என்பதால் மேற்சொன்ன விபத்துப் பயன்கள் கிடைக்கா. சைக்கிள் ஓட்டியவரின் வீட்டுக் காப்புறுதி இதை ஏற்குமா என்று சட்டத்தரணி மூலம் விசாரிப்பதே அங்கு எஞ்சும் வழி.

தெருவின் பள்ளமோ உடைந்த நடைபாதையோ விழுத்தியிருந்தால் பொறுப்பு நகரசபையிடம் போகிறது. இங்குதான் பலர் தம் உரிமையை இழக்கிறார்கள். விழுந்த நாள், நேரம், இடம், காயம் ஆகியவற்றை எழுதி 10 நாட்களுக்குள் நகரசபைக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணமும், அதனால் நகரசபையின் தரப்புக்குப் பாதிப்பு இல்லாமையும் இருந்தாலன்றி வழக்கு அத்தோடு முடிந்துவிடும். நடைபாதைப் பனியில் சறுக்கியிருந்தால் சாதாரணக் கவனக்குறைவு போதாது, பெரும் அசட்டையை நிரூபிக்கவேண்டும்.

வழக்குத் தொடுக்க உள்ள பொதுவான காலவரம்பு 2 ஆண்டுகள் என்பதைக் கேட்டுவிட்டு ஆறுதலாக இருந்துவிடாதீர்கள். யார்மீது தவறு என்பது முதல் வாரத்தில் எவருக்கும் தெளிவாகத் தெரியாது. போக்குவரத்து நிறுவனம், காரின் சாரதி, நகரசபை ஆகிய மூவருக்குமே பங்கு இருக்கலாம். அப்படியானால் ஒன்ராறியோவில் அவர்களுள் எவரிடமிருந்தும் முழுத் தொகையையும் அறவிட முடியும். பயணியின் சொந்தக் கவனக்குறைவுக்கு உரிய விழுக்காடு மட்டும் கழிக்கப்படும். ஆகவே மூவருக்கும் உடனே எழுத்தில் அறிவியுங்கள். வண்டியின் காணொளிப் பதிவுகள் நெடுநாள் வைத்திருக்கப்படுவதில்லை. அதை அழிக்காமல் பாதுகாக்குமாறு வண்டி எண், வழித்தடம், நிறுத்தம், நேரம் ஆகியவற்றுடன் அதே கடிதத்தில் கேளுங்கள். அந்த எண் நினைவில் இல்லாவிட்டாலும் கட்டணம் செலுத்தத் தட்டும் பிரெஸ்டோ அட்டையின் பயணப் பதிவில் வண்டியில் ஏறித் தட்டிய நேரம் இருக்கும். அதைத் தரவிறக்கி அன்றே சேமித்துவிடுங்கள்.