மாட்டு வண்டிச் சக்கரத்தின் குடத்தை (நடுக்கட்டையை) மெஷினில் செய்ய முடியுமா? பெரிய கடைசல் மெஷின் எது நல்லது?

முடியும். ஆனால் ‘பெரிய கடைசல் மெஷின் எது நல்லது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அங்கேதான் சறுக்கினேன். கட்டையைச் சுழற்றிக் கடைந்து குடமாக உருட்டுவது சுலபம், அதில் ஆர்க்கால் (குடத்திலிருந்து விளிம்புக்குப் போகும் மரக்கால்) இறங்கப் பன்னிரண்டு துளை போடுவதுதான் வேலை. காசை அதற்கு எடுத்து வையுங்கள்.

கடலூர் திருப்பாப்புலியூரில் எனக்குச் சின்னக் கடைசல் பட்டறை. கட்டில் கால், மாடிப்படித் தூண், இதுதான் அன்றாட வேலை. மூன்று வருஷத்துக்கு முன் புதுச்சேரி விடுதிக்காரர் ஒருவர் வில்வண்டி கேட்டார். பார்வைக்கு மட்டும் இல்லையாம், மாடு பூட்டி ஓட வேண்டுமாம். இந்தப் பக்கம் மணல் ஏற்றும் வண்டி முதற்கொண்டு டயருக்கு மாறிவிட்டது, சக்கரம் செய்கிற ஆசாரியும் கண்ணில் படவில்லை. சரி, நாமே செய்வோம் என்று இறங்கிவிட்டேன்.

கருவேலங்கட்டை. 10 அங்குல விட்டம், 14 அங்குல நீளம். உருட்டுவதற்கு முன் இருபது கிலோ பக்கம் இருக்கும். அதனால் 12 அங்குலமாவது தடையில்லாமல் சுற்றுகிற மெஷின் போதும், ஆனால் படுக்கை (மெஷினின் அடிச்சட்டம்) கனமாக இருக்க வேண்டும். கட்டை கோணலாக இருக்கும்வரை நிமிடத்துக்கு 300 சுற்றுக்கு மேல் போகாதீர்கள். உருண்டை வந்த பிறகு 600, 700 வைக்கலாம். உருட்டல் அரை நாளில் முடிந்தது.

அப்புறம்தான் கூத்து. டேப்பைச் சுற்றிப் பிடித்துப் பன்னிரண்டு குறி போட்டேன். ஒவ்வொரு குறியிலும் பென்சில் கோட்டளவு பிசகு. கடைசி இடைவெளிக்கு வந்தபோது மூன்று நூல் (ஒரு நூல் அரைக்கால் அங்குலம், அதாவது எட்டில் ஒன்று) குறைகிறது! வில்லியனூர் பக்கம் எங்கள் சொந்தத்தில் ஒரு வயதான ஆசாரி இருக்கிறார், நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன். அவரிடம் கொண்டுபோனேன். டேப்பைத் தொடவே இல்லை. குடத்தின் முகத்தில் கவராயத்தால் (காம்பஸ்) ஒரு வட்டம் போட்டார். காலை அகட்டாமல் சுருக்காமல் அதே அளவில் வட்டத்தின் மேல் நடத்திக்கொண்டு வந்தார். ஆறாவது அடி சரியாகத் தொடங்கிய புள்ளியில் விழுந்தது. ஒவ்வொன்றையும் பாதியாக்கினால் பன்னிரண்டு. “ஆறு வட்டை, வட்டைக்கு ரெண்டு ஆரு. அளவு கவராயத்துலயே இருக்குடா தம்பி” என்றார். வட்டை என்றால் சக்கர விளிம்பின் வளைந்த மரத்துண்டு, ஆரு என்றால் ஆர்க்கால்.

இரண்டாவது குடத்தில் குறி சரி, ஆழம் தப்பு. ஒரு அங்குல அகலத்தில் மூன்று அங்குலம் இறக்கினேன். துளைக்கு நடுவே இருந்த சுவர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 10 அங்குலக் குடத்தின் சுற்றளவு 31.4, அதாவது ஒரு ஆருக்கு வெளியே இரண்டரை அங்குலத்துக்கு மேல் இடம். மூன்று அங்குலம் உள்ளே போனால் மிச்ச விட்டம் 4தான். அங்கே ஒரு ஆருக்கு 1.05 அங்குலம், துளை போக அரை நூல்கூட நிற்காது. இரண்டு அங்குலத்தோடு நிறுத்தினால் நாலரை நூல் சுவர் மிஞ்சுகிறது. இந்தச் சிக்கல் எல்லா ஊரிலும் உண்டு. அமெரிக்காவில் 1857இல் ஜேம்ஸ் சார்வன் என்பவர் காப்புரிமை வாங்கிய குடத்தில், ஆர்க்கால்களை ஆப்புப் போல ஒன்றோடொன்று நெருக்கி, இரண்டு பக்கமும் இரும்புத் தட்டு வைத்து ரிவெட் அடித்துவிட்டார்கள். சுமை மரச் சுவரை மட்டும் நம்பி நிற்காது.

ஒஹையோவில் டிஃபையன்ஸ் மெஷின் ஒர்க்ஸ் என்ற கம்பெனி குடம் உருட்ட, துளைக்க என்று தனித்தனி மெஷினே செய்து விற்றது. நமக்கு அதெல்லாம் வேண்டாம். சதுர உளிக்குள் பிட் சுழல்கிற மார்டிசர் (சதுரத் துளை போடும் மெஷின்) ஒன்று போதும். உருண்டைக் குடம் அதன் மேஜையில் உட்காராது, தொட்டில் மாதிரி ஒரு சட்டம் அடித்து, குடத்தின் ஒரு முனையில் பன்னிரண்டு ஓட்டை போட்ட இரும்புத் தகட்டை முடுக்கிவிடுங்கள். ஒரு துளை முடிந்ததும், தகட்டைச் சட்டத்தோடு பூட்டுகிற ஆணியை உருவி, குடத்தைத் திருப்பி அடுத்த ஓட்டையில் செருகினால் 30 டிகிரி திரும்பியிருக்கும். ஆர்க்கால் லேசாக வெளிப்பக்கம் சாய வேண்டுமென்றால் சட்டத்துக்கு அடியில் ஆப்பு வையுங்கள். கருவேலத்தில் ஒரு அங்குல உளியை ஒரே குத்தாக இறக்கினால் புகைதான் வரும். அரை அங்குல உளியால் எட்டுக் குத்து, மூலையை மட்டும் கையால் சுத்தம் செய்யலாம்.

குடத்தின் இரண்டு முனைக்கும் பூணை (இரும்பு வளையத்தை) இந்தத் துளை வேலைக்கு முன்பே மாட்டிவிடுங்கள், பிளக்காது. கட்டை ஈரமாக இருக்கும்போதே நடுவில் சின்னத் துளை போட்டு, முனைகளில் மெழுகு பூசி நிழலில் போடுங்கள். நான் அவசரப்பட்ட ஒரு கட்டை ராத்திரியில் ‘டப்’பென்று வெடித்து வீட்டையே எழுப்பியது. இருசு (வண்டியின் அச்சு) நுழைகிற பெரிய துளை கடைசியில்தான், சக்கரம் முழுதாகச் சேர்ந்த பிறகு. வட்டையின் ஓட்டத்தைப் பார்த்துத் துளைத்தால்தான் சக்கரம் ஆடாது.

கடலூர்ப் பக்கம் இருந்தால் என் பன்னிரண்டு ஓட்டைத் தகட்டை இரவல் வாங்கிப் போகலாம். திருப்பித் தர வேண்டும், போன தடவை கொண்டுபோனவர் இன்னும் தரவில்லை, இது இரண்டாவது தகடு.