டிரையர் கேள்விகள்: கரண்ட் பில் எங்கே எகிறுகிறது?

உலர்த்துவது பற்றி நீங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். அதற்கு முன் ஒரு எண்: ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகக் கிட்டத்தட்ட 0.67 யூனிட் வெப்பம் வேண்டும். டிரையர் விற்க யார் வந்தாலும் இதை வைத்துப் பேசுங்கள்.

காங்கயம்: அண்ணா, களத்துல கொப்பரை காய ஒரு வாரம் ஆகுது, மழை வந்தா பூசணம். ஹீட்டர் காயில் வச்ச டிரையர் வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. பச்சைத் தேங்காய்ப் பருப்பில் சுமார் 50 சதவீதம் ஈரம், கொப்பரையில் 6 இருந்தால் போதும். 100 கிலோ பருப்புக்கு 47 லிட்டர் தண்ணீர் வெளியேற வேண்டும். கணக்குப்படி 31 யூனிட். ஆனால் சூடான காற்றை அப்படியே வெளியே விடும் டிரையரில் இதைப் போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு கூட இழுக்கும். ஹீட் பம்ப் டிரையர் வெளியேறும் ஆவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கி, அதிலிருந்து கிடைக்கும் வெப்பத்தையே திரும்ப உள்ளே அனுப்புகிறது. நன்றாக ஓடினால் ஒரு யூனிட்டுக்கு 2 லிட்டர் எடுக்கும். விலைதான் அதிகம். உங்களிடம் தேங்காய்த் தொட்டி (கொட்டாங்குச்சி) சும்மா கிடக்கிறதே, புகை பருப்பில் படாத மாதிரி தொட்டி எரிக்கும் டிரையர் போடுங்கள். வெயில் நாளில் சோலார் கூடாரம் (வெயிலில் உள்ளே சூடேறும் பாலித்தீன் கூடாரம்), மழை நாளில் தொட்டி. கூடாரத்துக்கு வேளாண் பொறியியல் துறையில் மானியம் உண்டா என்று விசாரித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

உடுமலை: சார், கூடாரம் போட்டாச்சு. உள்ளே 60 டிகிரி காட்டுது, ஆனா காய மாட்டேங்குது.

காலையில் பாலித்தீன் ஷீட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். முத்து முத்தாக நீர் கோத்திருக்கிறதா? அது சொட்டி மறுபடி பருப்பின் மேலேயே விழும். சூடு போய்விடுமே என்று பயந்து எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தியிருப்பீர்கள், பலரும் செய்வதுதான். சூடு தண்ணீரைப் பருப்பிலிருந்து கிளப்பும், வெளியே கொண்டுபோவது காற்று. 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 45 டிகிரிக்கு ஏற்றினாலே ஈரப்பதம் 35 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதுவே நல்ல பசியுள்ள காற்று. 60 டிகிரியில் மேற்பரப்பு இறுகி உள்ளே ஈரம் சிக்கிக்கொள்ளும். ஃபேனைப் போடுங்கள், பகலில் 50, 55 டிகிரி இருந்தால் போதும். இரவில் திறப்பை மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் காய்ந்தது பனியைக் குடிக்கும்.

கரூர்: முருங்கை இலைப் பொடி செய்கிறோம், குழுவில் 12 பேர். கழுவின இலை காயவே நேரம் போகுது.

இலைக்கு மேலே ஒட்டியிருக்கும் தண்ணீரைச் சூட்டால் ஓட்டாதீர்கள். துணிப்பையில் கட்டிச் சுழலும் டிரம்மில் சில நிமிடம் விட்டால் அது உதறிப்போகும், ஆகும் கரண்ட் சொற்பம். பிறகு நிழலில் மெல்லிய அடுக்காகப் பரப்பி ஃபேன் போடுங்கள். டிரையர் என்றால் 50 டிகிரியைத் தாண்டாமல் பாருங்கள், பச்சை நிறம் மங்காது.

தஞ்சாவூர்: கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரம் 17 சதவீதத்துக்குள் இருக்கக் கேட்கிறார்கள். குறுவை நெல் 22ல் இருக்கிறது, மழையும் விடவில்லை.

ஒரு டன்னில் 60 லிட்டர் எடுத்தால் 17 வந்துவிடும். ஐப்பசிக் காற்றே ஈரமாக இருக்கும்போது வெறும் ஃபேன் ஓட்டிப் பயனில்லை. டீசல் எரிப்பதும் கட்டுப்படியாகாது. ஒரு டன் நெல்லில் கிட்டத்தட்ட 200 கிலோ உமி கிடைக்கும். உலையில் பாதிக்கு மேல் வெப்பம் வீணானாலும், இந்த 60 லிட்டருக்கு 40 கிலோ உமி போதும் என்பது என் கணக்கு. பக்கத்து ரைஸ் மில்லோடு பேசி உமி உலை டிரையரை உழவர் குழுவாக எடுப்பதுதான் வழி. ஒரே மூச்சில் காய்ச்சாமல் நடுவே சில மணி நேரம் குவித்து ஆறவிடுங்கள். உள்ஈரம் தானாக மேலே வரும், உலை எரியும் நேரம் குறையும், அரவையில் குருணையும் குறையும்.

சேலம்: மிளகாய் காய வைக்க ஃப்ரீஸ் டிரையர்?

பனிக்கட்டியை வெற்றிடத்தில் ஆவியாக்குவது. மருந்துக்குச் சரி. மிளகாய்க்கு ஏன்?

பொள்ளாச்சி: கொப்பரை டிரையரை எப்போது நிறுத்துவது?

தராசை வைத்து. ஒரு தட்டில் 10 கிலோ பருப்பு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், 5.3 கிலோ வந்தால் எடுத்துவிடலாம். அதற்கு மேல் ஓட்டினால் கரண்டும் போகும், எடையும் போகும். விதைத் தேங்காயை டிரையர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். நெல் விதையானாலும் 43 டிகிரி தாண்டினால் முளைப்பு போய்விடும்.